முனிராஜின் முன்பற்கள்

முனிராஜ் இந்த நிமிடம் ஒரு மணப்பெண்ணின் மேல்வரிசையில், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் இருக்கிறான். கம்ப்யூட்டர் திரை முழுக்க அந்த ஒரே பல்தான். பெண் யார், மாப்பிள்ளை யார் என்பதில் எல்லாம் இப்போது அவனுக்கு அக்கறை இல்லை. மவுஸைப் பிடித்திருக்கும் கை அசைவதே தெரியாது. ஆள்காட்டி விரல் மட்டும் டிக், டிக் என்று வேலை செய்துகொண்டிருக்கும். பல்லின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ஈறோரம் ஒதுங்கி, பிறகு காணாமலே போய்விடும். “ஆய்த்து” என்பான். நாளெல்லாம் தமிழ் பேசுகிற வாயில் ‘முடிந்தது’ என்ற ஒரு சொல் மட்டும் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். சொல்லிவிட்டு அடுத்த பல்லுக்குப் போவான்.

கல்யாண ஆல்பம் தயாரிப்பது அவன் தொழில். போட்டோ எடுப்பவர்கள் வேறு ஆட்கள். எடுத்ததை எல்லாம் பென்டிரைவில் கொண்டுவந்து இவனிடம் கொட்டுவார்கள். இவன் பொறுக்கி, அடுக்கி, மாப்பிள்ளை நெற்றியில் வழியும் எண்ணெயைத் துடைத்து, பந்திக்குப் பின்னால் தெரியும் கேஸ் சிலிண்டரை மறைத்து, தூக்க முடியாத கனத்தில் ஒரு புத்தகமாக்கிக் கொடுப்பான். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே மாடிப்படிக்கு அந்தப் பக்கம் அவன் கடை, இந்தப் பக்கம் என் கடை. நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் வருகிறவர்கள் பின்னால் அவனிடம் போவார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

டீக்கடையில் நின்றாலும் அவன் கண் எதிரே இருப்பவர் வாயில்தான் இருக்கும். “டீ மாஸ்டருக்கு முப்பது பர்சென்ட் போதும்ணா. கல்லாவுல ஒக்காந்திருக்காரு பாருங்க, அவருக்கு ஃபுல்லா போடணும்” என்று என் காதில் சொல்வான். பல்லை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்ற கணக்கு அது. டிராபிக் போலீஸ்காரருக்கு இருபது, கோயில் குருக்களுக்கு எழுபது. “உங்களுக்கு எவ்ளோன்னு சொல்லட்டாண்ணா?” என்று ஒரு நாள் கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போல, “நாப்பத்தஞ்சு” என்றான். அன்று முழுக்க நான் அவனுடன் பேசவில்லை.

இந்தப் பித்து ஒரு தடவை அவன் காலை வாரிவிட்டது. பல்லே இல்லாத ஒரு பெரியவர் பொக்கைவாயைத் திறந்து சிரித்த படம் வந்தது. வாய்க்குள் இருட்டாக இருக்கிறதே, வெற்றிலைக் கறையாக இருக்கும் என்று இவனாக நினைத்துக்கொண்டு, வரிசையாக வெள்ளைப் பல் வைத்து ஆல்பத்தை அனுப்பிவிட்டான். மறுநாள் குடும்பமே கொதித்துப்போய்க் கடை வாசலில் வந்து நின்றது. பெரியவரும் வந்திருந்தார். அவர் மட்டும் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “இது இருக்கட்டும்ப்பா” என்று சொல்லி ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் புண்ணியத்தில் தப்பித்தான்.

ஊரார் பல்லை எல்லாம் வெளுத்துத் தள்ளியவன், போன ஆனி மாதம் வரை தன் பல்லை யாருக்கும் காட்டியதில்லை. சிரிப்பு வந்தால் உதடு மூடியே இருக்கும், தோள் மட்டும் குலுங்கும். அடக்க முடியாமல் வந்துவிட்டால் குனிந்து செருப்பைச் சரிசெய்வான். அவனுக்குத் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் விழுந்துவிடும். “ஊர்ல எல்லாருக்கும் இதே பல்லுதாண்ணா. எவனாச்சும் வெள்ளையா சிரிச்சான்னா வெளியூர்க்காரன்னு அர்த்தம். பெங்களூர் வந்தப்புறம்தான் எனக்கு இப்பிடி ஒரு பல்லு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சிச்சி” என்பான்.

முப்பத்து நான்கு வயதாகிறது அவனுக்கு. பாக்குகூடப் போட்டதில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் குட்கா போடுவான் போலிருக்கிறது என்று சொல்லித் தட்டிவிட்டார்கள். அடுத்த இடத்திலும் அதே கதை. இரண்டாவது தடவை அந்தப் பேச்சு அவன் காதுபடவே நடந்திருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்து, யாருடைய பல்லையும் தொடாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்றால் எனக்கு அந்தக் கலை வராது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு சந்தாபுராவிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் வித்யாலட்சுமி. பொம்மசந்திரா பக்கம் ஒரு கார்மென்ட்ஸில், தைத்து வரும் சட்டைகளைச் சோதித்துக் குறை இருப்பதைத் தள்ளி வைக்கிற வேலை. தரகர் அனுப்பிய படத்தில் அவள் பல் தெரியவே சிரித்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் வழக்கம்போலப் படத்தைப் பெரிதாக்கினான். எத்தனை பர்சென்ட் என்று கேட்டேன். “ஒண்ணும் வேணாண்ணா” என்றான். எந்தப் பல்லைப் பார்த்தும் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசாமி விழுந்துவிட்டான் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

பதிலுக்கு இவன் படம் போக வேண்டும். அங்கேதான் புத்தி கெட்டது. அவளைப் போலவே பல் தெரியச் சிரித்துப் போனில் தானே ஒரு படம் எடுத்தான், அதைத் திறந்தான், கை பழக்கத்தில் வாய்க்குப் போனது, பல் பல்லாக வெளுத்தான், “ஆய்த்து” என்றான், அனுப்பியும்விட்டான். கண், மூக்கு, நெற்றி எல்லாம் முனிராஜ்தான். பல் மட்டும் வேறு யாருடையதோ. பெண் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. ஆடி கழியட்டும், ஆவணியில் பெண் பார்க்க வாருங்கள் என்று தகவல் வந்தது.

அதன்பிறகுதான் இவன் யோசிக்கவே ஆரம்பித்தான். “படத்துல வெள்ளையா இருந்தவன் நேர்ல பழுப்பா போய் நின்னா குட்கா போடுறவன்னு மட்டுமா சொல்வாங்க? ஃப்ராடுன்னும் சொல்வாங்கண்ணா.”

“போன் பண்ணி உண்மையைச் சொல்லித் தொலை” என்றேன்.

“சொல்லலாம். அப்புறம் அந்தப் பொண்ணு போயிடும்” என்றான். வித்யாலட்சுமி கை நழுவிப் போய்விடுவாளோ என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பயம். படத்தை மாற்ற முடியாது, எனவே ஆளை மாற்றிக்கொள்ள முடிவு செய்தான்.

அல்சூரில் ஒரு பல் கிளினிக்குக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். டாக்டர் தர்ஷினி தமிழ்க்காரர், சின்ன வயது, கணீர்க் குரல். இவன் போனை நீட்டித் தன் படத்தைக் காட்டி, “இந்தக் கலர் வேணும் டாக்டர்” என்றான். அவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாகப் பொய்ப் பற்கள். நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெள்ளையில என்கிட்ட பல்லே இல்லைங்க. யார் பல்லு இது?” என்றார்.

“என்னுதுதான் டாக்டர். நானே போட்டது.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துவிட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னார். வெறுமனே சுத்தம் செய்தால் டீக்கறையும் காறையும் போகும், இந்தப் பழுப்பு போகாது; சின்ன வயதில் பல் உள்ளுக்குள் உருவாகும்போதே தண்ணீரோடு ஏறிய நிறம் இது. மேல்பரப்பை மருந்து வைத்து மிக லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்மேல் ஜெல் போட்டு வெளுக்கலாம். ஜெல்லைக் கிளினிக்கிலேயே உட்காரவைத்துப் போடலாம். இல்லையென்றால் பல்லுக்கு அச்சு எடுத்து ஒரு தட்டு செய்து தருவார், வீட்டிலேயே தினம் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டால் மெதுவாக வெளுக்கும். எதற்கும் மசியாத பல்லாக இருந்தால் முன்பக்கத்தைச் சீவிவிட்டு மெல்லிய ஓடு ஒட்டலாம். “ஆனா சீவினா சீவினதுதான், திரும்ப வளராது. உங்க பல்லு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு. அதைச் சீவ எனக்கு மனசு வரலை” என்றார். முனிராஜ் முகம் தெளிந்தது. தன் பல்லைப் பற்றி ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அவன் அதுவரை கேட்டதில்லை.

இதற்கு முன்னால் என்னென்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டார். உப்பு, கரி, சோடா உப்பு, எலுமிச்சம்பழம் என்று இவன் பெருமையாக ஒப்பித்தான். “எலுமிச்சம்பழமா? பல்லு என்ன பித்தளைக் குடமா?” என்று விட்டார் ஒரு டோஸ். எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

முதலில் சுத்தம் மட்டும் செய்து அனுப்பினார். வெளுக்கும் வேலைக்கு ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஈறைச் சுற்றி நீல நிறத்தில் ஒரு பூச்சு. இவன் நாற்காலியில் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்த மீன் மாதிரி. முடிந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது பழுப்பு பெரும்பாலும் போயிருந்தது. ஆனால் அங்கங்கே சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள். முனிராஜ் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். “பழுப்பே தேவலாம் போலிருக்கே டாக்டர்.”

“பயப்படாதீங்க. பல்லு இப்போ காய்ஞ்சிருக்கு. எச்சில் ஊற ஊற ஒரு வாரத்துல எல்லாம் அடங்கி ஒரே கலரா வந்துடும்” என்றார் டாக்டர். அப்படியேதான் அடங்கியது. இன்று அவன் பல் தேங்காய்ப் பத்தை நிறம். படத்தில் இருந்த அந்தப் பேய் வெள்ளை இல்லை, மனிதப் பல்லின் வெள்ளை. ஆனால் அது பிறகு. அன்றைக்கு அவன் வாயைப் பார்த்தால் சுவருக்குப் பட்டி பார்த்துப் பாதியில் விட்டது போலத்தான் இருந்தது.

கிளம்பும்போது டாக்டர் வாசல் வரை வந்து சொன்னார். “ரெண்டு நாளைக்கு ஒரே ஒரு ரூல். வெள்ளைச் சட்டையில கொட்டினா எது கறையாகுமோ, அது எதையும் வாயில வைக்காதீங்க. காபி, டீ, சாம்பார், ரசம், மஞ்சள் போட்டது, கலர் சோடா எதுவும் கூடாது. இட்லி, தயிர்சாதம், பால், வாழைப்பழம் சாப்பிடுங்க. ரொம்ப சூடாவும் வேணாம், ஜில்லுன்னும் வேணாம், கூசும். சாஃப்ட் பிரஷ், கூச்சத்துக்குன்னு ஒரு பேஸ்ட் எழுதியிருக்கேன். இப்போ உங்க பல்லு எது பட்டாலும் இழுத்துக்கும்.”

“இட்லிக்குத் தேங்கா சட்னி?”

“தாளிக்காம.”

ரெண்டு நாள் தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், ஆவணி வருவதற்குள் பல் பளிச்சென்று ஆகிவிடும் என்று பேசிக்கொண்டே கடைக்கு வந்தோம். படியேறும்போதே அவன் போன் அடித்தது. அவன் அக்கா பிரபா. ஆடி பிறந்துவிட்டால் நல்ல பேச்சு எதுவும் பேச முடியாது, அதற்கு முன்னாலேயே ஒரு முறை பார்த்துவிட்டால் தேவலை, நாளைக்கே வாருங்கள் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டாராம். அக்காவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முனிராஜ் போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான்.

பிரபாவும் அவர் கணவர் ஜெயராஜும் பீன்யாவில் இருக்கிறார்கள். ஜெயராஜுக்கு அங்கே ஃபேக்டரி வேலை. முனிராஜின் அப்பாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. நீங்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஊரிலிருந்தே சொல்லிவிட்டார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று பிரபா பிடிவாதம். ஆக நான் நாலாவது ஆள் ஆனேன். கிளினிக் போன விஷயத்தை அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று முனிராஜ் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அதைச் சொன்னால் படத்தை வெளுத்து அனுப்பியதும் சேர்ந்து வெளியே வரும். அக்காவுக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் ஏறியதிலிருந்து முனிராஜ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தான். சளியா என்று அக்கா கேட்டார். ம் என்றான். காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்ததற்கே கரண்ட் அடித்த மாதிரி துள்ளிவிட்டானாம். எலக்ட்ரானிக் சிட்டி பாலத்தில் ஏறும்போது பிரபா திரும்பி உட்கார்ந்து, தம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“பொண்ணு காபி கொண்டாந்து வெக்கும். பிடிச்சிருந்தா எடுத்துக் குடி. பிடிக்கலன்னா டம்ளரைத் தொடாத. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அவர்கள் பக்கத்து வழக்கமாம் அது. பெண் வீட்டாரும் அதே சீமை என்பதால் அவர்களுக்கும் தெரியும். பையன் காபியைக் குடித்தால் சம்மதம். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தால் யாரும் யாரையும் புண்படுத்தாமல் எழுந்து வந்துவிடலாம். வேண்டாம் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. நாகரிகமான ஏற்பாடுதான். காபி என்ற சொல் காதில் விழுந்ததும் முனிராஜ் கைக்குட்டைக்கு மேலே கண்ணை உருட்டி என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூ வாங்க ஒரு பேக்கரிப் பக்கம் வண்டி நின்றது. என்னைத் தனியாக இழுத்து, “ஒரு ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கட்டாண்ணா?” என்றான்.

“பொண்ணு வீட்டுல நீ டம்ளர் காபியை ஸ்ட்ரா போட்டுக் குடிச்சேன்னா, நான் அங்கேருந்து ஜோகுபாளையம் வரைக்கும் நடந்தே போயிடுவேன்” என்றேன்.

சந்தாபுராவில் மாடி வீடு. பெண்ணின் அப்பா சுந்தரமூர்த்தி வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். கூடத்தில் உட்கார்ந்ததும் டீப்பாயில் தட்டுகள் வந்தன. ஒரு தட்டில் கேசரி, மஞ்சளும் சிவப்புமாக மினுமினுவென்று. இன்னொன்றில் வாழைக்காய் பஜ்ஜி, பக்கத்தில் தக்காளிச் சட்னி. டாக்டர் கூடாதென்று சொன்னதை எல்லாம் யாரோ எழுதி வைத்துச் சமைத்தது மாதிரி இருந்தது. ஜெயராஜ் பஜ்ஜியில் இறங்கிவிட்டார். முனிராஜ் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ம் போட்டுக்கொண்டிருந்தான். பேசவும் பயம், பேசினால் திட்டுகள் தெரியும்.

வித்யாலட்சுமி காபித் தட்டோடு வந்தாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். குனிந்து குனிந்து ஒவ்வொருவர் முன்னாலும் டம்ளரை வைத்துக்கொண்டே வந்தவள், முனிராஜ் முன்னால் வைக்கும்போது மட்டும் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தாள். முகத்தை இல்லை, வாயைத்தான். நான் கவனித்தேன். இவன் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவள் போய் அம்மா பக்கத்தில் நின்றாள்.

நாங்கள் குடித்தோம். நல்ல காபி, அதையும் சொல்ல வேண்டும். அவன் டம்ளரிலிருந்து ஆவி வந்தது, குறைந்தது, நின்றது. மேலே ஆடை படிந்தது. சுந்தரமூர்த்தி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்த வருஷம் மழை சரியில்லை என்று பேச ஆரம்பித்தார். அவர் மனைவி ஏதோ எடுப்பது போலச் சமையலறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. பிரபா தம்பியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அவருக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. இவன் டம்ளரை நோக்கிக் கையைக் கொண்டுபோனான், பாதியில் திருப்பி எடுத்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை. சத்தியமாவது ஒன்றாவது, உடைத்துச் சொல்லிவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமிய நேரத்தில், வித்யாலட்சுமி முன்னால் வந்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், ஆறிப்போன டம்ளரை எடுத்துப் போகக் குனிந்தாள்.

“எடுக்காதீங்க” என்றான் முனிராஜ்.

அவள் கை நின்றது.

“உங்களைப் பிடிச்சிருக்கு. காபிதான் முடியாது.”

பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வெளியே வந்தது. “நான் அனுப்புன போட்டோவுல இருக்கறது என் பல்லு இல்லீங்க. கம்ப்யூட்டர்ல வெளுத்தது. எங்க ஊர்த் தண்ணிக்கு எல்லாருக்கும் பழுப்பாதான் இருக்கும். குட்காவெல்லாம் இல்ல, பாக்குகூட போட மாட்டேன். போட்டோவும் ஆளும் ஒண்ணா இருக்கணுமேன்னு நேத்துதான் டாக்டர்கிட்ட போய் வெளுத்துட்டு வந்தேன். ரெண்டு நாளைக்குக் காபி தொடக்கூடாதுன்னுட்டாங்க. சூடு பட்டாலும் கூசுது.” சொல்லிவிட்டு, உதட்டை விலக்கி, திட்டுத் திட்டான தன் பல்லை எல்லாருக்கும் பொதுவாகக் காட்டினான்.

“என்னடா இது” என்றார் பிரபா. ஜெயராஜ் பஜ்ஜியைக் கடித்தபடியே நின்றுவிட்டார். முடிந்தது கதை, செருப்பைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சுந்தரமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்து அவன் வாயை உற்றுப் பார்த்தார். “அப்போ இது பல் செட்டு இல்லையா?”

“இல்லீங்க.”

“எல்லாம் சொந்தப் பல்லா?”

“சொந்தந்தாங்க.”

அவர் அப்படியே பின்னால் சாய்ந்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டார். “நல்ல காலம்ப்பா. பத்து நாளா வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. இந்த வயசுல பையனுக்குப் பல்லு பூரா கட்டுப்பல்லு, என்ன வியாதியோ ஏதோன்னு இவங்க அம்மா ஒரே அழுகை. நேர்ல பாத்தாதான் தெரியும்னுதான் ஆடிக்கு முன்னாடி வரச் சொன்னேன். போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துட்டு இவதான் சொன்னா.”

எல்லாரும் வித்யாலட்சுமியைப் பார்த்தோம். “பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல கோடே இல்லியே” என்றாள் அவள், தயங்காமல். “எங்க கம்பெனியில அளவுக்கு மேல சுத்தமா ஒண்ணு வந்தா, மொதல்ல அதைத்தான் சந்தேகமா பாப்போம்.”

முனிராஜ் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “கோடு வெச்சிருக்கணும். அவசரத்துல வுட்டுட்டேன்” என்றான்.

முதலில் சிரித்தது பிரபாதான். பிறகு ஜெயராஜ், பிறகு சுந்தரமூர்த்தி. சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். முனிராஜும் சிரித்தான். அந்த ஆனந்தத்தில், சர்க்கரை வியாதிக்காரனான நான் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அம்மா டம்ளர் நிறையப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். பால் குடித்தாலும் காபி குடித்த கணக்குத்தான் என்று பிரபா அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆவி பறந்த டம்ளரைப் பார்த்து முனிராஜ் தயங்கினான். வித்யாலட்சுமி அதை வாங்கி, இன்னொரு டம்ளரும் கையுமாக, எங்கள் எல்லார் முன்னாலும் நின்று ஆற்றினாள். தொட்டுப் பார்த்தாள், மறுபடி ஆற்றினாள். கொடுத்ததும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கூசவில்லை என்பது போலத் தலையாட்டினான்.

பேச்சு சூடு பிடித்தது. ஆவணியில் எந்த முகூர்த்தம், மண்டபம் சந்தாபுராவிலா பென்னாகரத்திலா, பத்திரிகை யார் அடிப்பது என்று அது பாட்டுக்கு ஓடியது. கடைசிக் கேள்விக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையனின் சம்மதம் தெரிந்தாகிவிட்டது. பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

டீப்பாயில் முனிராஜின் காபி அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துப் போகக் கையை நீட்டினார். அதற்குள் வித்யாலட்சுமி எடுத்துவிட்டாள். சுண்டுவிரலால் ஆடையை ஓரம் ஒதுக்கி, அவனைப் பார்த்துக்கொண்டே, ஆறிப்போன அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.